அனனியாவின் இரண்டு வருஷம்

மே மாதம் பிறந்தால் பாளையங்கோட்டைப் பக்கத்துச் சபைகளில், ஜெபக் குறிப்புப் பெட்டியில் விழும் சீட்டுகள் எல்லாம் ஒரே விஷயத்தைப் பேசும். மற்ற மாதங்களில் சுகவீனம், பெண்ணுக்கு வரன், பாதியில் நிற்கும் வீடு என்று பலதும் இருக்கும். மே, ஜூனில் படிப்புதான். பிளஸ் டூ ரிசல்ட், நீட், பொறியியல் கலந்தாய்வு, கல்லூரியில் விழுந்த அரியர், குரூப் ஃபோர், வங்கித் தேர்வு. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சனிக்கிழமை சாயங்காலம் ஆலயத்தை ஒட்டிய அறையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நோட்டை மூடிய பிறகும் எழுந்து போகாமல் ஒன்றிரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். கணக்கில் சந்தேகம் இல்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும். கேள்வி எப்போதும் ஒன்றுதான். "டீச்சர், என்னையக் குறிச்சு தேவசித்தம் என்னன்னு எப்படித் தெரிஞ்சிக்கிட?"

இந்தக் கேள்விக்குள் பக்தி இருக்கிறது. பக்தியைவிடப் பெரிதாகப் பயம் இருக்கிறது. கர்த்தர் எனக்கென்று ஒரே ஒரு படிப்பையும் ஒரே ஒரு வேலையையும் குறித்து, அதை ஒளித்துவைத்த விடைத்தாள் மாதிரி எங்கோ வைத்திருக்கிறார். சரியாக ஜெபித்தால் அது கைக்கு வரும். வராவிட்டால் ஆயுசு முழுக்கத் தவறான வழியில்தான் நடப்பேன். பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் நம்புகிறார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று தேடினால் ஒரு பிரசங்கியையோ ஒரு புத்தகத்தையோ காட்ட முடியாது. வீட்டுப் பேச்சும் கூட்டங்களில் கேட்கும் பேச்சும் சேர்ந்து மனசில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் சீட் கிடைக்காதபோது ஒரு அடிக்கு இரண்டு அடியாக விழுகிறது. மார்க் போயிற்று, கர்த்தரும் கைவிட்டார். முதல் அடியிலிருந்து பதினெட்டு வயசுப் பிள்ளை எழுந்துவிடும். இரண்டாவதிலிருந்து எழுவது கஷ்டம்.

இரண்டாவது முறையும் நீட் எழுதி மார்க் போதாமல் போன ஒரு பெண்பிள்ளையைச் சொல்கிறேன். ஹால் டிக்கெட் வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு வாக்குத்தத்த அட்டையும் இருந்தது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டில் வைத்து நீட்டுவார்களே, கண்ணை மூடி ஒன்று எடுப்போமே, அந்த அட்டை. அவளுக்கு வந்தது எரேமியா 29:11. நம்மைக் குறித்துக் கர்த்தர் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்று சொல்கிற வசனம். எங்கள் பக்கத்து வீடுகளில் காலண்டரிலும் கதவு நிலையிலும் இது இல்லாத வீடு குறைவு. அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டாள். "இது எனக்குத்தானே வந்துச்சு டீச்சர்? பொறவு ஏன் இப்படி ஆச்சு?"

வேதாகமத்தை எடுத்து அந்த அதிகாரத்தையும் அதற்கு முந்தின அதிகாரத்தையும் அவளோடு சேர்ந்து வாசித்தேன். அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போனான். எருசலேமில் மிஞ்சியிருந்த எரேமியா, அப்படிப் போனவர்களுக்கு எழுதி அனுப்பிய கடிதம் அது. ஊரும் ஆலயமும் தொழிலும் போய், இனி என்ன ஆவோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்துக்கு எழுதப்பட்டது. அவர்களிடம் கர்த்தர் கேட்டதை வாசித்தால், அட்டையில் வராத பகுதிதான் கடிதத்தின் பெரும்பகுதி என்று தெரியும். வீடு கட்டுங்கள், அதில் குடியிருங்கள். தோட்டம் போடுங்கள், அதன் பலனைச் சாப்பிடுங்கள். கல்யாணம் பண்ணுங்கள், பிள்ளை பெறுங்கள். உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். அதன் பிறகுதான் திரும்பி வரும் காலம் சொல்லப்படுகிறது. 70 வருஷம்.

இருபது வயசில் அந்தக் கடிதம் வாசிக்கக் கேட்ட ஒருவனுக்கு, எழுபது வருஷம் என்றால் அவன் ஊர் திரும்பப் போவதில்லை என்று பொருள். இருந்தும் அந்தக் கடிதத்தில்தான் அந்த வாக்குத்தத்தம் நிற்கிறது.

முந்தின அதிகாரத்தில் அனனியா வருகிறான். ஆலயத்தில் ஆசாரியர்கள் முன்னிலையில் எழுந்து நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று கர்த்தருடைய நாமத்திலேயே சொன்னவன். பாபிலோனுக்கு அடங்கியிருக்கவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தைப் பிடுங்கி எல்லார் முன்னிலும் ஒடித்துப் போட்டான். ஜனங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! அப்போது எரேமியா கோபப்படவில்லை. ஆமென், அப்படியே ஆகட்டும் என்கிறார். நீ சொல்வது நடந்தால் எனக்கும் சந்தோஷம்தான் என்று சொல்கிற மனுஷன். பிறகுதான் கர்த்தரிடமிருந்து வார்த்தை வருகிறது. மர நுகம் ஒடிந்த இடத்தில் இரும்பு நுகம் வரும், நீ இந்த ஜனத்தைப் பொய்யை நம்பப் பண்ணினாய் என்று. ஏழாம் மாதத்தில் அனனியா செத்துப்போனான்.

இந்த வருஷம் உன் மகளுக்கு மெடிக்கல் சீட் நிச்சயம் என்று ஒரு கூட்டத்தில் தலையில் கை வைத்துச் சொன்னார்கள் என்று அந்தப் பிள்ளையின் அம்மா அழுதாள். சொன்னவர் யாரென்று நான் கேட்கவில்லை. நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். அனனியாவுக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக வேதத்தில் இல்லை. ஆனால் கர்த்தர் சொல்லாத தேதியை அவர் பெயரில் சொல்வது ஒரு பிள்ளையின் விசுவாசத்தை என்ன பாடு படுத்தும் என்று, தேதி தவறிப்போன பிறகு அந்த வீட்டில் போய் உட்காருகிறவர்களுக்குத்தான் தெரியும். படிப்பில் சோர்ந்த பிள்ளைகளுக்கு நாம் செய்யக்கூடிய முதல் உபகாரம், அவர்களிடம் தேதி சொல்லாமல் இருப்பது. வேலை கிடைக்கும், சீட் கிடைக்கும், பரீட்சையில் தேறுவாய் என்கிற மூன்றையும் நான் யாருக்கும் வாக்குத்தத்தமாகச் சொல்வதில்லை. உன்னை விட்டு விலகமாட்டார் என்பதை மட்டும் தயங்காமல் சொல்கிறேன். அது வேதத்தில் இருக்கிறது.

அந்தப் பிள்ளை அட்டையைத் திரும்ப உறைக்குள் வைத்துக்கொண்டாள். "அப்போ இதுல எனக்கு ஒண்ணும் இல்லையா டீச்சர்?" என்று கேட்டாள். நிறைய இருக்கிறது என்றேன். சிறையிருப்புக்குள்ளேயே தோட்டம் போடச் சொல்கிற கடவுள், வேண்டாத இடத்தில் நீ கழிக்கும் வருஷங்களையும் உன் ஆயுசில் சேர்த்துத்தான் எண்ணுகிறார். திரும்பிப் போகும் நாள்வரை எதுவும் நடாமல் காத்திரு என்று அவர் சொல்லவில்லை. அவள் அன்றைக்கு ஒன்றும் பதில் சொல்லவில்லை.

அந்த ஜூனில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, ராத்திரி தூங்கவில்லை. அம்மா அதைச் சோர்வின் ஆவி என்று சொல்லி, உபவாச ஜெபத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டாள். ஜெபம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் உபவாசம் வேண்டாம் என்று சொன்னேன். முதல் இராஜாக்கள் 19ஆம் அதிகாரம் தெரியாத கிறிஸ்தவக் குடும்பம் இராது. கர்மேலில் அக்கினியை இறக்கின எலியா, யேசபேல் அனுப்பின ஒரு செய்தியைக் கேட்டு உயிருக்குப் பயந்து ஓடுகிறார். வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டுத் தனியாக வனாந்தரத்துக்குள் ஒருநாள் பயணம் போய், ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, சாகவேண்டும் என்று கேட்கிறார். என் முன்னோர்களைவிட நான் எந்த விதத்தில் மேல் என்கிறார். எப்பேர்ப்பட்ட தீர்க்கதரிசியானாலும் சோர்வு வந்தால் தன்னை இன்னொருவரோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறான்!

அவருக்குத் தேவதூதன் கொண்டுவந்தது சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். புத்திமதி இல்லை, கடிந்துகொள்ளுதல் இல்லை, உன் விசுவாசம் எங்கே என்ற கேள்வி இல்லை. தட்டியெழுப்பி, சாப்பிடச் சொல்கிறான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துக்கொள்கிறார், அதற்கும் கடிந்துகொள்ளவில்லை. இரண்டாம் முறை எழுப்பி மறுபடி சாப்பாடு. இங்கே உனக்கு என்ன வேலை என்று கர்த்தர் கேட்பது நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். அங்கும் பேசச் சொல்லிக் கேட்கிறார். அதே முறையீட்டை அதே வார்த்தைகளில் எலியா இரண்டு தடவை சொல்கிறார், இரண்டு தடவையும் கேட்கிறார். வழிகாட்டுதல் கடைசியில்தான் வருகிறது: வந்த வழியே திரும்பிப் போ, இன்னின்னாரை அபிஷேகம் பண்ணு, நீ ஒருவன்தான் மீதி என்கிறாயே, பாகாலுக்கு முழங்கால் போடாதவர்கள் 7,000 பேர் இருக்கிறார்கள்.

இந்த வரிசை எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. முதலில் சாப்பாடு, தூக்கம். பிறகு மனசில் இருப்பதைக் கொட்ட இடம். அதற்கப்புறம் அடுத்த வேலை. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. ரிசல்ட் வந்த அன்றைக்கே, பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்கும் முன், அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறோம். அந்தப் பெண்பிள்ளையை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொன்னேன். அவள் அம்மாவோடு நானும் போனேன். சாகவேண்டும் என்று ஒரு பிள்ளை வாயிலிருந்து வந்தால், அது விசுவாசக் குறைவா என்று ஆராய்ந்துகொண்டிருக்க நேரம் கிடையாது. 104க்கு எந்த நேரமும் பேசலாம், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இந்த இரண்டையும் எங்கள் அறைச் சுவரில் வேதவசனத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டிவைத்திருக்கிறேன். தேவதூதன் கொண்டுவந்த அடையைப் போல மருந்தும் கர்த்தரிடமிருந்து வருவதுதான் என்று நம்புகிறவள் நான்.

இனி ஒரு பையனைச் சொல்கிறேன். மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம் முடித்திருந்தான். ஒரு சனிக்கிழமை எல்லாரும் போன பிறகு சைக்கிள் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னான்.

"டீச்சர், காலேஜ விட்டுட்டு பைபிள் காலேஜ்ல சேந்துரலாம்னு நினைக்கேன். ஊழியத்துக்கு அழைப்பு இருக்கு."

"எப்பருந்து?"

"போன செமஸ்டர்லருந்து."

"எத்தன அரியர்?"

"ஆறு."

"அரியர் ஒண்ணுமே இல்லன்னு வையி. அப்பவும் போவியா?"

சாவி நின்றது. தரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "தெரியல டீச்சர்" என்றான். அந்த நேர்மைக்காக அவன்மேல் எனக்குத் தனி மதிப்பு.

அவனுக்கு நான் இயேசு சபையைத் தொடங்கின லொயோலா இஞ்ஞாசியாரின் கதையைச் சொன்னேன். நாங்கள் சி.எஸ்.ஐ. சபையார், ஆனாலும் இந்த ஊரில் இயேசு சபையார் 1923இல் தொடங்கின தூய சவேரியார் கல்லூரி இருக்கிறது, அவர்களுடைய நூலகங்களிலும் நண்பர்களிடமும் எனக்குக் கிடைத்த நன்மைகள் அதிகம். இஞ்ஞாசியார் படைவீரராக இருந்தவர். 1521இல் பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, படுத்த படுக்கையில் மனந்திரும்பினார். ஆத்துமாக்களுக்கு உதவவேண்டுமானால் படிக்கவேண்டும் என்று தீர்மானித்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 1524இல் பார்சிலோனாவில் லத்தீன் இலக்கணத்தின் முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தார். மனப்பாடம் செய்யவேண்டிய இலக்கணம் அது. உட்கார்ந்து மனப்பாடம் பண்ண ஆரம்பித்தால் போதும், அற்புதமான ஆவிக்குரிய எண்ணங்கள் பொங்கி வருமாம். ஜெபத்தில் உட்காரும்போதுகூட வராத இனிமை, வினைச்சொல் வாய்பாட்டின்மேல் உட்காரும்போது வரும். பாடம் நகரவே நகராது.

வேறொருவராக இருந்தால், கர்த்தர் என்னைப் படிப்பிலிருந்து ஜெபத்துக்கு அழைக்கிறார் என்று எழுந்து போயிருப்பார். அவர் அதை உட்கார்ந்து யோசித்து, இது சோதனை என்று கண்டுகொண்டார். ஆசிரியரை ஆலயத்துக்குப் பக்கத்தில் சந்தித்து, நடப்பதை ஒளிக்காமல் சொல்லி, தின்ன ரொட்டியும் குடிக்கத் தண்ணீரும் கிடைக்கிறவரை இந்த இரண்டு வருஷமும் பாடத்தைத் தவறவிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அதன்பின் அந்தத் தொந்தரவு நின்றது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பிறகு 1528இல் பாரிசுக்குப் போனபோது, அஸ்திவாரம் போதவில்லை என்று தெரிந்து, சின்னப் பையன்களோடு மறுபடியும் லத்தீன் வகுப்பில் உட்கார்ந்தார். அங்கே அவருக்குத் தத்துவப் பாடத்தில் உதவினவர் அவரைவிட 15 வயது இளையவரான பேதுரு ஃபேபர். அதே அறையில் தங்கியிருந்த இன்னொரு மாணவர்தான் பிரான்சிஸ் சவேரியார், 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து மணப்பாடுவரை மணலில் நடந்தவர். முதுகலைப் பட்டம் வாங்கும்போது இஞ்ஞாசியாருக்கு நாற்பது வயது கடந்துவிட்டது.

அவர் எழுதிய ஆன்மிகப் பயிற்சிகள் நூலில், மனம் இருண்டு கிடக்கும் காலத்துக்கென்று சில விதிகள் உண்டு. அதில் ஒன்றை நான் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வேன்: இருளில் இருக்கும்போது, வெளிச்சத்தில் எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. ஜெபத்தைக் கூட்டு, உன்னையே கொஞ்சம் ஆராய்ந்து பார், பொறுத்திரு. ஆனால் புதுத் தீர்மானம் எடுக்காதே. இன்னொரு விதி, சோதனைக்காரன் ரகசியத்தை விரும்புகிறான் என்பது. ஆகவே நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வாய் திறந்து சொல்லிவிடவேண்டும்.

இந்த விதியைப் பெற்றோர் கையில் அப்படியே கொடுக்க எனக்குப் பயம். இருளில் தீர்மானத்தை மாற்றாதே என்பது, முதல் தீர்மானம் அவனுடையதாக இருந்தால்தான் செல்லும். அந்தப் பையன் மெக்கானிக்கலில் சேர்ந்தது அவன் எடுத்த தீர்மானம் இல்லை. அப்பா எடுத்தது, கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டதும் அவர். கலந்தாய்வில் கம்ப்யூட்டர் முன்னால் இவன் சும்மா உட்கார்ந்திருந்தான். தாயையும் தகப்பனையும் கனம்பண்ணச் சொல்லும் கற்பனையை நான் நூற்றுக்கு நூறு நம்புகிறேன். ஆனால் கனம்பண்ணுகிறவன், தன் மனசில் இருப்பதை அவர்களிடம் மறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டவன். அவர்கள் விரும்பினதைப் படித்துவிட்டு, உள்ளுக்குள் அவர்கள்மேல் கசப்பை வளர்ப்பது கனமல்ல. ஆகையால் அவனிடம் இரண்டு காரியம் சொன்னேன். இந்த மாதம் எதையும் முடிவு பண்ணாதே, அரியர் பரீட்சையை எழுது. அப்பாவிடம் பேசு, தனியாகப் பயமென்றால் நான் வருகிறேன். அழைப்பு மெய்யானால் ஆறு பேப்பர் எழுதி முடிக்கும்வரை அது எங்கும் ஓடிப்போகாது. எலிசாவுக்கு அழைப்பு வந்தபோது அவன் ஏரோட்டிக்கொண்டிருந்தான். வேலையிலிருந்து தப்பி ஓடிவந்து அழைப்புக்காக உட்கார்ந்திருக்கவில்லை.

"படிப்புல மனசு நிக்கவே மாட்டேங்கு டீச்சர். ஜெபத்துலயாவது நிக்கி" என்றான் அவன். அந்த வார்த்தை என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. படிப்பு ஒரு பக்கம், ஜெபம் ஒரு பக்கம் என்று இரண்டாகப் பிரித்துத்தான் நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம். இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் சிமோன் வெய்லிடமிருந்து.

பாரிசில் 1909இல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அண்ணன் ஆந்த்ரே வெய்ல், கணிதம் படித்தவர்கள் இன்றும் மரியாதையோடு சொல்லும் பெயர். சின்ன வயசிலேயே அண்ணனின் மேதைமை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பதினாலு வயசில் தங்கை தன் திறமைக் குறைவை நினைத்து, செத்துப்போகலாம் என்ற அளவுக்கு ஆழமான நம்பிக்கையிழப்பில் விழுந்தார். மார்க் குறைந்த வருத்தம் அல்ல அது. உண்மை குடியிருக்கும் இடத்துக்குள் மேதைகள் மட்டும்தான் போகமுடியுமோ, தனக்கு அங்கே இடம் இல்லையோ என்ற வேதனை. சில மாதங்களுக்குப் பிறகு ஒரு நிச்சயம் அவருக்குள் வந்தது. உண்மையை மெய்யாகவே விரும்பி, தன் கவனம் முழுவதையும் அதன்மேல் வைக்கிற யாரும் அதற்குள் போகலாம், திறமை ஒன்றும் இல்லாவிட்டாலும். கிறிஸ்துவின்மேல் ஆழமான அன்பு கொண்டிருந்தும் வெகுகாலம் திருச்சபைக்கு வெளியே நின்றவர்; 34 வயசில், 1943இல் இங்கிலாந்தில் இறந்தார். 1942இல், ஒரு டொமினிக்கன் குருவானவர் தம் மாணவர்களுக்குப் பயன்படுத்தட்டும் என்று, பள்ளிப் படிப்பையும் கடவுள் அன்பையும் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தார். ஜெபம் என்பது கவனம். பள்ளிப் படிப்பு கவனத்தைப் பழக்குகிறது. ஆகவே ஒரு வடிவியல் கணக்கில் ஒரு மணி நேரம் உண்மையாகக் கவனம் வைத்து, விடை வராமலே போனாலும், அந்த ஒரு மணி நேரத்தில் ஆத்துமா வேறொரு திசையில் வளர்ந்திருக்கிறது என்பது அவர் வாதம். கவனம் என்றால் புருவத்தைச் சுருக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தசையை இறுக்குவது அல்ல என்றும் சொல்கிறார்.

அதைப் படித்தபோது என் வகுப்பறை முழுவதும் கண்ணுக்குமுன் வந்தது. பத்தாம் வகுப்பில் கோண இருசமவெட்டித் தேற்றம் நடத்தும்போது, கரும்பலகையில் முக்கோணம் ஏபிசி வரைந்து, உச்சிக் கோணத்தை இரண்டாக வெட்டும் ஏடி என்ற கோட்டையும் போட்டு, மேலே போங்கள் என்று சொல்லிவிட்டு நிற்பேன். முப்பது பேரும் உடனே முகத்தை இறுக்குவார்கள். சிலர் பென்சிலைப் பல்லில் கடிப்பார்கள். கொடுத்த படத்தை எவ்வளவு நேரம் முறைத்தாலும் ஒன்றும் வராது. சி என்ற புள்ளி வழியாக ஏபி என்ற பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரைந்து, ஏடியை அதுவரை நீட்டவேண்டும். புத்தகத்தில் அது 'அமைப்பு' என்ற தலைப்பின்கீழ் ஒரே வரியில் இருக்கும். பெரும்பாலானவர்கள் அந்த வரியை நெட்டுருப் போட்டுக்கொள்வார்கள். ஒரு வருஷம் ஒரு பிள்ளை நெட்டுருப் போட மறுத்துவிட்டாள். "அந்தக் கோட்ட ஏன் அங்க போடணும்னு தெரியாம என்னால எழுத முடியாது டீச்சர்." பீரியட் முழுக்கப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல்லைக் கடிக்கவில்லை, அவசரப்படவில்லை. வெவ்வேறு புள்ளிகளிலிருந்து லேசாகக் கோடு போட்டுப் பார்த்து அழித்தாள். மணி அடித்தது, விடை வரவில்லை. அன்றைக்கு அந்த வகுப்பில் நடந்தவற்றில் ஜெபத்துக்கு மிக அருகில் இருந்தது அதுதான் என்று இன்று என்னால் சொல்லமுடியும்.

அந்த ஒரு மணி நேரத்துக்குப் பரீட்சையில் மார்க் கிடையாது என்பதையும் நான் பிள்ளைகளிடம் மறைப்பதில்லை. ஜெபம்போலப் படித்தால் சென்டம் வரும் என்று சொன்னால் நானும் அனனியாவாகிவிடுவேன். வெய்ல் சொல்வது வேறு: மார்க்குக்காக மட்டும் நீ படித்திருந்தால், மார்க் வராதபோது அந்த வருஷம் முழுவதும் வீண். கவனத்தை உண்மையாக வைத்துப் படித்திருந்தால், வீண் போகாத ஒன்று உன்னிடம் இருக்கிறது. மனசு நிற்கவில்லை என்ற அந்தப் பையனிடம், பரிசுத்த ஆவியானவர் மெஷின் டிசைன் புத்தகத்துக்கு வெளியேதான் இருக்கிறார் என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். ஒரு நாளைக்கு அரை மணி நேரம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரே ஒரு கணக்கு. ஆரம்பிக்கும் முன் ஒரு சின்ன ஜெபம், முடித்த பின் ஒரு ஸ்தோத்திரம், விடை வந்தாலும் வராவிட்டாலும். இதைத்தான் அவனுக்குக் கொடுத்தேன்.

அடையாளம் கேட்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிதியோன் தோல் போட்டுப் பார்த்தானே, நாங்களும் கேட்கக்கூடாதா என்பார்கள். கிதியோனுக்கு என்ன செய்யவேண்டும் என்பது முன்னாடியே சொல்லப்பட்டாயிற்று. தைரியம் பற்றாமல்தான் தோலைப் போட்டான். சித்தத்தைக் கண்டுபிடிக்கும் வழியாக அதை வேதம் எங்கும் கற்பிக்கவில்லை. கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் வைத்த வசனத்தைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது, குறி கேட்பதற்கு ரொம்பப் பக்கத்தில் போய்விடுகிறது. அடைபட்ட கதவுகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு அப்போஸ்தலர் 16ஐ வாசிக்கச் சொல்வேன். பவுலுக்கு ஆசியாவில் வழி அடைபட்டது, பித்தினியாவிலும் அடைபட்டது. ஏன் என்று அங்கே ஒரு விளக்கமும் இல்லை. துரோவாவில் ஒரு ராத்திரி மக்கெதோனியா தேசத்தான் ஒருவன், வந்து எங்களுக்கு உதவி செய்யும் என்று கேட்பதைத் தரிசனத்தில் காண்கிறார். அதன்பின் கூட இருந்தவர்களும் சேர்ந்து நிதானித்துத்தான் கிளம்புகிறார்கள். எனக்கு என்ன கிடைக்கும் என்பதற்கான பதிலாக அந்தத் தரிசனம் வரவில்லை; வேறொருவருடைய தேவையாக வந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் செவிலியராகவும் சிறப்புப் பள்ளி ஆசிரியராகவும் போய் நிறைவோடு இருக்கிற சிலரைக் கேட்டால், அவர்களுக்கும் வழி இப்படித்தான் தெரிந்திருக்கிறது: தாத்தாவைப் படுக்கையில் பார்த்துக்கொண்ட ஒரு வருஷம், காது கேளாத ஒரு தம்பி.

எங்கள் சபைக் குருவானவரான ஐயரிடம் நான் ஒரு காரியம் கேட்டிருந்தேன். ஜூனில் ஸ்தோத்திர ஆராதனை நடக்கும். நல்ல மார்க் வாங்கின பிள்ளைகளை முன்னால் அழைத்துப் பரிசு கொடுப்பார்கள், அவர்களும் சாட்சி சொல்வார்கள். அதை நிறுத்தச் சொல்லவில்லை. உழைத்த பிள்ளை பாராட்டு பெறவேண்டும். ஆனால் தேறாத பிள்ளையும் அதே ஆலயத்தில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. கர்த்தர் செய்த நன்மை என்று சொல்ல அதனிடம் மார்க் இல்லை என்பதால் அதற்குச் சாட்சியே இல்லை என்று ஆகிவிடுகிறது. துணைத்தேர்வு எழுதப்போகிறவர்களுக்காகவும் அதே ஆராதனையில் பெயர் சொல்லி ஜெபிக்கவேண்டும் என்று கேட்டேன். ஐயர் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: பிள்ளைகளிடம் கேட்காமல் யார் பெயரையும் வாசிக்கக்கூடாது. சரியான நிபந்தனை. சிலர் வாசிக்கச் சொன்னார்கள். சிலர் வேண்டாம் என்றார்கள், அவர்களுக்காக மௌனமாக ஜெபித்தோம். ஒரு தகப்பனார் மட்டும் ஆராதனை முடிந்து என்னிடம் வந்து, குடும்ப மானத்தை வாங்கிவிட்டீர்கள் என்று சத்தம் போட்டார். பக்கத்தில் நின்ற அவர் மகள், "நான்தாம்ப்பா பேரச் சொல்லச் சொன்னேன்" என்றாள்.

நீட் எழுதின பிள்ளை இப்போது பி.எஸ்சி. விலங்கியல் படிக்கிறாள். மூன்றாம் முறை எழுதுவதா என்று அவள் வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது. இந்தத் தடவை அவளையும் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். பையன் அப்பாவிடம் பேசினான், நானும் கூடப் போயிருந்தேன். அவர் கோபப்படவில்லை; ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். ஆறில் நாலு பேப்பர் முடித்துவிட்டான். மிச்சம் இரண்டை நவம்பரில் எழுதுகிறான். பட்டம் வாங்குகிறவரை வேதாகமக் கல்லூரிப் பேச்சை எடுப்பதில்லை என்று அவனே சொல்லியிருக்கிறான். வாங்கின பிறகும் அதே எண்ணம் இருந்தால், ஐயரைப் பார்க்க அவனும் அவன் அப்பாவும் நானும் சேர்ந்து போவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.